நூறு மீட்டர் உத்தரவு

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவில் கையெழுத்துப் போட்டு முடித்ததும், போட்டோ ஸ்டூடியோக்காரர் நின்ற நிலையிலேயே பின்பக்கமாக நகர ஆரம்பித்து, நீதிமன்ற வாசலையும் வராந்தாவையும் சைக்கிள் நிறுத்துமிடத்தையும் தாண்டி, மனைவியிடமிருந்து சரியாக நூறு மீட்டர் தள்ளிப் போய் நின்றார். அவர் கால்களை அசைக்கவில்லை. தரைதான் கொண்டுபோனது. எந்தச் சுவரிலும் முட்டவில்லை. வாசல் எந்தப் பக்கம் என்பது தரைக்குத் தெரிந்திருந்தது. எழுத்தர் ‘எதிர்மனுதாரர் வெளியேறினார்’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

மனைவி குடிநீர் வாரியத்தில் வால்வு திறப்பவள். தோள் உயர இரும்புச் சாவியோடு தெருத் தெருவாகப் போய், குழி மூடியைத் தூக்கி, சாவியைச் செருகிப் பதினான்கு சுற்றுச் சுற்றினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும். ஊர் அவளை வால்வக்கா என்றது. அந்தக் கைகளைப் பார்த்து, ‘நீ எதுக்கும் லாயக்கில்லாதவள்’ என்று பதினோரு வருடம் சொல்லி வந்தார் கணவர். சொன்னதோடு நிறுத்திக்கொண்ட நாட்கள் குறைவு. இடது காது இனிப் பாதிதான் கேட்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகே அவள், குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலரைத் தேடிப் போனாள். இலவச வக்கீல் கிடைத்தார், எட்டு வாரத்தில் உத்தரவும் வந்தது. வீட்டில் அவள் இருக்கலாம். அவர் அவளுக்கு நூறு மீட்டருக்குள் வரக் கூடாது, எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது.

ஸ்டூடியோ கடைவீதியில் இருந்தது. கடைவீதியின் வால்வுக் குழி ஸ்டூடியோவுக்கு நேர் எதிரே. வியாழக்கிழமை அவள் சாவியோடு கடைவீதி முனை வரை வந்தபோது, உள்ளே ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டைப் பாஸ்போர்ட் அளவில் எடுத்துக்கொண்டிருந்த கணவர் கேமராவோடு பின்பக்கமாகவே நகர்ந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டார். படத்தில் ஏஜெண்டின் முகம் கடுகளவுக்கு விழுந்தது. இதைக் கேள்விப்பட்டு வால்வக்கா பதறிப்போனாள். மறுநாள் தபாலில் கணவரிடமிருந்து ஒரு கால அட்டவணை வந்தது: தான் எந்தெந்த நேரத்தில் எங்கெங்கே இருப்பார், அப்போது அவள் எந்தத் தெருக்களில் நடக்கக் கூடாது என்று கட்டம் போட்டு, அடிக்கோடிட்டு. அவள் அதைக் கிழித்துப் போடவில்லை. தண்ணீர் விடும் அட்டவணைக்குப் பக்கத்திலேயே சுவரில் ஒட்டிவைத்து, அதன்படி சுற்றிச் சுற்றி நடந்தாள். கடைவீதிக்குப் போகவே இல்லை.

அட்டவணை வந்த ஐந்தாம் நாள் கடைவீதி பேக்கரிக்காரம்மா காலிக் குடத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“மாவு பிசையத் தண்ணி இல்லடி. எங்க தெரு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?”

“நான் வந்தா அவரு நடுரோட்டுல இழுபட்டுப் போவாருக்கா. பொழப்பு கெட்டுடும்.”

“அவரு பொழப்பு கெடக் கூடாதுன்னு எங்க பொழப்புல மண்ணப் போடுறியா? நல்லா இருக்கே நியாயம்!”

அன்று மாலை மேற்பார்வையாளரும் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை பத்து மணிக்குக் கடைவீதி வால்வு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவியை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். அந்தச் சாவியைவிட்டால் அவளுக்கு வேறு வருமானம் இல்லை.

சனிக்கிழமை பாதுகாப்பு அலுவலர் விசாரிக்க வந்தார். காப்பித் தம்ளரோடு சுவரைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இது என்ன?”

“அவரோட டைம்டேபிள் மேடம். நான் குறுக்க போயிடக் கூடாதில்ல?”

“உத்தரவ எடுங்க. யாரு வரக் கூடாதுன்னு போட்டிருக்கு?”

“அவரு.”

“நீங்க எங்கயாவது போகக் கூடாதுன்னு இருக்கா?”

அவள் நான்கு பக்கங்களையும் இரண்டு முறை படித்தாள். முத்திரையில் இருந்த எழுத்தைக்கூட விடவில்லை.

“இல்ல மேடம்.”

“இத அனுப்பினதே உத்தரவ மீறினதுதான். இந்தக் காகிதம் என் பைல்ல இருக்கட்டும். கோர்ட்டு பாத்துக்கும்.”

உத்தரவு வாங்கிய பெண்களில் பாதிப் பேர் முதல் மாதம் இப்படித்தான், தடை தங்களுக்கு என்பதுபோல நடப்பார்கள் என்று போகும்போது அலுவலர் சொன்னார். சொல்லிவிட்டு இன்னொரு தம்ளர் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கடைவீதி முனையில் வால்வக்காவின் கால்கள் பழக்கதோஷத்தில் வலப்பக்கம் திரும்பின. அவள் நின்றாள், சாவியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள், நேராக நடந்தாள். கணவர் முக்காலியோடு பின்வாசல் வழியே வெளியேறி ஆற்றுப் பாலம் வரை போனார். “நில்லுடி அங்கேயே!” என்று அவர் கத்தியது வந்து சேரும்போது ஒரு தும்மல் அளவுக்குத்தான் இருந்தது. அவள் பதினான்கு சுற்றையும் நிதானமாக எண்ணிச் சுற்றினாள். பேக்கரிக்காரம்மா விசில் அடித்தார். அந்த வயதில் அவருக்கு விசில் அடிக்க வரும் என்பது அன்றுதான் தெருவுக்குத் தெரிந்தது.

அட்டவணை அனுப்பியதற்காக மாஜிஸ்திரேட் கணவரைக் கூப்பிட்டுக் கண்டித்து, இனி மீறமாட்டேன் என்று எழுதியும் வாங்கினார். அடுத்த வருடம் கணவர், தன் மனைவி தெருவில் இறங்குமுன் மணி அடிக்க வேண்டும் என்று ஒரு மனுப் போட்டார். அது இரண்டு வரியில் தள்ளுபடியானது. ஸ்டூடியோவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார். கடைவீதிக்கு எப்போதாவது சாமான் வாங்க வந்து, வாங்காமலே திரும்பிப் போவதும் உண்டு. மூன்றாம் வருடம் வால்வக்கா மேற்பார்வையாளர் ஆனாள்.

அந்த வருடம் ஒரு விடுமுறை நாள் மத்தியானம், திறக்க வேண்டிய வால்வு எதுவும் இல்லாதபோது, அவள் சும்மா கடைவீதிக்குப் போனாள். சும்மா நடந்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. குடைக்கடையில் நின்றாள். தெருவின் மறுகோடியில் ஒருவர் பையோடு பின்பக்கமாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தார். சைக்கிளுக்கு விடுவதுபோல் ஜனங்கள் அவருக்கு வழிவிட்டார்கள், பேச்சை நிறுத்தவில்லை. வால்வக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“சிவப்பு எடுக்கட்டுமா, நீலமா?” என்றார் கடைக்காரர்.

“எல்லாத்தையும் விரிச்சுக் காட்டுங்கண்ணே. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

கடைக்காரர் பதினேழு குடைகளை விரித்து நடைபாதை முழுக்கப் பரப்பினார். வந்தவர்கள் சாலையில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள்.