வெள்ளிக்கிழமைக் கணக்கும் என் தென்னையும்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்தது இல்லை. பக்கத்து வீட்டு ஆர்ஷாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த கணக்குப் புராஜக்டிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தளவாய் அடுத்தவன் சரக்கை எடுத்துக்கிட்டான் என்று பிறகு யாரும் பேசக்கூடாது.

எழுதச் சொன்னது சாம்பசிவன். கரமனை அக்கிரகாரத்துக்காரர், எங்கள் தெருச் சங்கத்துக்குச் செயலாளர். சங்கத்து ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் வேண்டுமாம்.

"நான் அஞ்சாம் கிளாஸ் தாண்டாதவன் சாமி."

"அதனாலதான் ஓய் உம்மகிட்ட கேக்கறேன். படிச்சவா எழுதினா மலரை ஒருத்தரும் பிரிக்க மாட்டேங்கறா."

நான் நம்பவில்லை. பக்கம் நிரம்பியிருக்காது, அதுதான் காரணம். இருந்தாலும் எழுத ஒத்துக்கொண்டேன். எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன், இங்கே சொன்னால் நீங்கள் பக்கத்தை மூடிவிடுவீர்கள்.

2

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்:

"கரமனை ஆற்றங்காற்று தென்னங்கீற்றைத் தடவிக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில்—"

எந்தக் காற்றும் எதையும் தடவவில்லை. அன்றைக்கு ஒரே புழுக்கம். கதை என்றால் இப்படித்தான் ஆரம்பிக்கணும் என்று எங்கேயோ படித்த ஞாபகம், அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்:

"மகேஷ்குமார் என்று ஒரு பொல்லாதவன்—"

இதையும் அடித்தேன். முழுசாக அடிக்க மனசு வரவில்லை, அதனால் உங்கள் கண்ணில் படுகிற மாதிரி விட்டிருக்கிறேன்.

மூன்றாவது, நடந்தபடியே. என் வீட்டுக்கும் மகேஷ்குமார் வீட்டுக்கும் நடுவில் மதில் கிடையாது, ஒரே முற்றம். முற்றத்தில் என் பக்கம் ஒரு தென்னை. நிமிர்ந்துதான் நிற்கிறது. ஆனால் போன மழைக்கு அடி மண் ஒரு பக்கம் கரைந்து வேர் வெளியே வந்துவிட்டது. விழுந்தால் அவர்கள் அடுக்களைப் பக்கம்தான் விழும். அங்கே அவன் பெண்டாட்டி பிரேமா சமைத்துக்கொண்டிருப்பாள்.

வெட்டணும் என்றான் மகேஷ்குமார். வெட்ட மாட்டேன் என்றேன். என் வீட்டுக்காரி சொர்ணம்மாள் வீட்டு முன்பக்கம் தோசை சுட்டு விற்கிறாள். அந்த மரம் இல்லை என்றால் சட்னி இல்லை. சட்னி இல்லை என்றால் எங்கள் கடைக்கு எவனும் வரமாட்டான், தோசை அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை.

[சொர்ணம்மாள் இந்த வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். எடுக்கச் சொன்னாள். எடுக்கவில்லை.]

3

ஆர்ஷா, மகேஷ்குமாரின் ஒரே மகள். பத்தாம் கிளாஸ். அவள் கணக்கு டீச்சர் பேர் ஜெபமலர். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு அசைன்மென்ட் கொடுத்துவிடுவார், திங்கட்கிழமை காட்டணும். இந்தப் பிள்ளை அதை வீட்டில் செய்யாது. எங்கள் கடை பெஞ்சில் வந்து உட்காரும். அப்பாவுக்கும் எனக்கும் பேச்சு நின்ற பிறகும் வந்தது. உளவு பார்க்கத்தான் அனுப்புகிறான் என்று கொஞ்ச நாள் நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கேட்டாள்:

"தாத்தா, வயசு எத்தனை?"

"எதுக்கு?"

"அசைன்மென்டுக்கு. தெரிஞ்ச ரெண்டு பேரோட வயசை வச்சு ஒரு ஈக்குவேஷன் உண்டாக்கணும்."

"ரேஷன் கார்டுல ஒண்ணு இருக்கு. ஆதார்ல வேற ஒண்ணு. எங்கம்மா சொன்னது மூணாவது."

"அதுல எது சரி?"

"எவனுக்குத் தெரியும்?"

"அப்போ தாத்தாதான் எக்ஸ்."

"யாரைக் கேட்டு ஆக்குத?"

"அய்யோ, எக்ஸ்னா திட்டு இல்ல கேட்டோ. தெரியாத ஒண்ணுக்குக் கண்டுபிடிக்கிற வரைக்கும் ஒரு பேரு."

கல்லில் தோசையைத் திருப்பிக்கொண்டே சொர்ணம்மாள் சொன்னாள்: "கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் கண்டுபிடிக்கத்தான் பாக்கேன்."

கதைக்கு இது தேவையா என்று தெரியவில்லை. சாம்பசிவன் வெட்டினாலும் வெட்டுவார். ஆனால் இந்தப் பிள்ளை என்னை எப்படிப் பார்க்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ளணும். தெரியாதவன், ஆனால் கண்டுபிடிக்க முடிகிறவன் என்று.

4

சண்டை முற்றி சாம்பசிவனிடம் போனது. குடையும் கையுமாக வந்து முற்றத்தில் நின்று மேலே பார்த்தார்.

"ரெண்டு பேரும் கத்தினா மரம் சின்னதாயிடுமா, பெரிசாயிடுமா? விழுந்தா அடுக்களைக்கு எட்டுமா எட்டாதா, அதைப் பாருங்கோ. எட்டும்னா வெட்டணும். எட்டாதுன்னா அடியில மண்ணை அணைச்சுட்டு ரெண்டு பேரும் வாயை மூடிக்கணும்."

தேங்காய் பறிக்க வரும் பால்பாண்டியைக் கூப்பிட்டு, கயிறோடு ஏறி அளக்கச் சொன்னோம். அவன் வேரைப் பார்த்தான்.

"மரத்துல ஏறுவேன் அண்ணாச்சி. இந்த மரத்துல ஏற மாட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கு."

அப்போதே எனக்குப் புரிந்திருக்கணும். காது கேட்காத மாதிரி நின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஆர்ஷா புது புராஜக்டோடு வந்தாள். ஏற முடியாத ஒன்றின் உயரத்தை ஏறாமல் கண்டுபிடித்து, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று படம் போட்டு எழுதணுமாம். சாம்பசிவன் துள்ளினார். "குழந்தை அளக்கட்டும். அதுதான் தீர்ப்பு."

மகேஷ்குமார் ஒத்துக்கொண்டான், மகள் அளக்கிறாள் என்று. நான் ஏன் ஒத்துக்கொண்டேன்? "குழந்தைக்குச் சூது தெரியாது என்பதால்—" என்று எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது. நிஜம் வேறு. கணக்கு எனக்கு எதிராக வந்தால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக் கணக்கு என்று தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

5

கோணம் அளக்கிற அரைவட்டப் பிளாஸ்டிக், அதன் நேர்விளிம்பில் ஜூஸ் குடிக்கிற ஒரு குழல், நடுவிலிருந்து ஒரு நூல், நூல் நுனியில் ஒரு நட்டு. அவ்வளவுதான் கருவி. குழல் வழியாக மரத்துக் கொண்டையைப் பார்க்கணும். பார்க்கிறவளுக்கு நூல் தெரியாது, அதனால் இன்னொரு ஆள் பக்கத்தில் நின்று நூல் எங்கே நிற்கிறது என்று வாசிக்கணும். நூல் சரியாக நாற்பத்தைந்தில் நிற்கிற வரைக்கும் பின்னால் நடக்கணும். அங்கிருந்து மரம் எவ்வளவு தூரமோ, மரம் அவ்வளவு உயரம்.

"அதெப்படி?"

தோசை மடிக்கிற சதுரக் காகிதம் ஒன்றை எடுத்து மூலைக்கு மூலை மடித்தாள். "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒண்ணுதானே? அதுதான் தாத்தா. ஒண்ணு மரம், ஒண்ணு தரை."

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏமாற்று ஒன்றும் தெரியவில்லை.

கூடப் படிக்கிற ஆஷா நூலை வாசித்தாள். ஆர்ஷா பின்னால் நடந்து நடந்து, அடுக்களைச் சுவருக்கு இரண்டு முழம் முன்னால் நின்றுவிட்டாள். நாற்பத்தைந்து. மரம் அடுக்களைக்கு எட்டாது.

அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை வருத்தமும் இல்லை. எண்ணை எழுதிக்கொண்டாள். நான் இரண்டு பிள்ளைகளுக்கும் நெய் ரோஸ்ட் போடச் சொன்னேன். மகேஷ்குமார் உள்ளே போனான். பிரேமா மட்டும் வாசலில் நின்று கேட்டாள்:

"காத்துக்கும் அந்தக் கணக்கு தெரியுமா மாமா?"

கதை இங்கேயே முடிந்திருந்தால் சாம்பசிவன் கேட்ட இரண்டு பக்கத்தில் அடங்கியிருக்கும்.

6

புராஜக்ட் திரும்பி வந்தது. ஆர்ஷா போட்ட படத்தில், குழல் பிடித்து நிற்கிற பெண்ணின் கண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் டீச்சர் எழுதியிருந்தது: "கண் தரையிலா இருக்கிறது?"

அவள் அதை எடுத்துக்கொண்டு முதலில் என்னிடம்தான் வந்தாள். அவள் அப்பாவிடம் காட்டியிருந்தால் அன்றைக்கே அவன் வெட்டுகிற ஆளைக் கூட்டி வந்திருப்பான்.

"தாத்தா, தப்புப் பண்ணிட்டேன். என் உயரத்தையும் கூட்டணும்."

"உன் உயரத்தை என் மரத்தோட எதுக்குக் கூட்டணும்? நீ என்ன மரத்து மேலயா நின்ன?"

"மேல இல்ல. நான் பாத்தது என் கண்ணுலேருந்து மேல உள்ள மரத்தை. கண்ணுக்குக் கீழ உள்ள மரத்தை நான் அளக்கவே இல்ல."

"கூட்டினா?"

"எட்டும்."

நான் கேட்டது இதுதான்: "உங்கப்பா சொல்லிக் குடுத்தானா?"

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். "அவள் கண்களில் நீர் தளும்ப—"

* இந்த இடத்தில் ஆர்ஷா கைப்பிரதியில் பென்சிலால் எழுதியிருப்பது: நான் அழல. கோபம்தான். மாத்துங்க.

சரி, கோபம்தான். என் வரியை அடித்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை பெஞ்சு காலியாக இருந்தது. சொர்ணம்மாள் அவளுக்கென்று எடுத்து வைத்த சட்னியைச் சாயங்காலம் கொட்டினாள். என்னைப் பார்த்துக்கொண்டே கொட்டினாள்.

7

பிரேமாவை நான் சரியாக எழுதவில்லை. முதலில் "பயந்தாங்கொள்ளி" என்று எழுதியிருந்தேன்.

ஒரு மத்தியானம் திடீரென்று காற்று அடித்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அடுக்களையில் கேஸை அணைக்கிற சத்தம் கேட்டது. பிரேமா கரண்டியோடு வெளியே வந்து எங்கள் இறவாணத்துக்குக் கீழே நின்றாள். அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். காற்று அடங்கினதும் உள்ளே போய் மறுபடியும் பற்ற வைத்தாள். சண்டைக்காரி என் கூரைக்குக் கீழே வந்துதான் ஒதுங்குகிறாள், அந்தப் பக்கத்தில் அவளுக்கு வேறு இடம் இல்லை.

"எப்பவும் இப்படித்தானா?" என்றேன்.

"அணைக்க மறந்து சோறு அடிபிடிச்ச அன்னைக்கெல்லாம் இப்படித்தான் மாமா."

"பயந்தாங்கொள்ளி" என்பதை அடித்தேன். அந்த இடத்தில் வேறு வார்த்தை போட வரவில்லை. காலியாக இருக்கட்டும்.

8

கதையின் முடிவுக்கு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

சாம்பசிவன்: "நீரே கோடாலியை எடுத்து வெட்டறீர். அதே இடத்துல ஆர்ஷா ஒரு கன்னு நடறா. தியாகம் ஓய்! மலருக்கு நன்னா இருக்கும்." நடுகிற கன்று காய்க்கும்போது நான் இருப்பேனா என்று அவர் கேட்கவில்லை.

சொர்ணம்மாள்: "அவுக அடுக்களைய அந்தப் பக்கம் மாத்திட்டாக, சுபம்னு போடுங்க."

என் யோசனை: "அன்று வீசிய சூறைக்காற்றில் தென்னை தெருப்பக்கம் சாய்ந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட—"

எழுதி முடித்ததும் எனக்கே பயமாகிவிட்டது. அத்தனை பெரிய மரத்தை வேறு பக்கம் தள்ள எனக்கு ஒரு வரி போதுமாயிருந்தது. எழுதுகிறவனையும் நம்பக்கூடாது. நான் யாரையும் நம்புகிறவன் இல்லை, இப்போது அந்தப் பட்டியலில் நானும் சேர்ந்துவிட்டேன்.

9

இனி நடந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் ஆர்ஷா வந்தாள். கையில் அதே கருவி. நூலைக் குட்டையாக வெட்டி, நட்டுக்குப் பதில் ஒரு ஊக்கைக் கட்டியிருந்தாள்.

"தாத்தா, என் உயரமே வேண்டாம். கண்ணைத் தரையில வச்சுப் பாக்கப் போறேன். அடுக்களைச் சுவரை ஒட்டிப் படுத்துக்குவேன். அங்கேருந்து நாப்பத்தஞ்சுக்குக் கம்மின்னா மரம் எட்டாது. கூடுதல்னா எட்டும். கூட்டல் கழித்தல் ஒண்ணும் கிடையாது."

"யார் வாசிக்கப் போறது? ஆஷாவா?"

"யார் வாசிச்சாலும் நீங்க நம்ப மாட்டீங்க. அதனால நீங்களே வாசிங்க."

"எனக்கு அந்தக் குட்டி நம்பர்லாம் தெரியாது."

"நம்பர் வேண்டாம்." பிளாஸ்டிக்கைக் காட்டினாள். நாற்பத்தைந்தில் சிவப்பாக ஒரு கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் பேனாவால் சின்னதாக ஒரு தென்னை. மறுபக்கம் ஒரு வீடு, புகைக்குழாயோடு. "நூல் மரப் பக்கம் நின்னா மரம் நிக்கும். வீட்டுப் பக்கம் நின்னா அடுக்களையில விழும். நீங்க சொல்றதைத்தான் டீச்சர்கிட்ட எழுதிக் குடுப்பேன். வாசிச்சவர் பேருன்னு உங்க பேரையும் போடுவேன்."

சாம்பசிவன் குடையோடு வந்து முற்றத்து மறுகோடியில் நின்றார். மகேஷ்குமார் கிட்டே வந்தான். "நீ தள்ளி நில்லு, பிள்ளைக்குக் கை காட்டுவ" என்றேன். "சரி அண்ணாச்சி, இந்தா நிக்கேன்" என்று கிணற்றடிக்குப் போய்விட்டான். அவன் அவ்வளவு லேசாக ஒத்துக்கொள்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆர்ஷா சுவரை ஒட்டி ஒருக்களித்துப் படுத்தாள். கன்னத்தில் சிமெண்டுத் தரை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலைக் கொண்டைக்கு நேராகப் பிடித்தாள். அவள் தலைக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், பிரேமா தாளிக்கிற சத்தம்.

நான் முட்டி போட்டுக் குனிந்தேன். மூக்குக்கண்ணாடி புதுசு, அதன்மேல் பழி போட முடியாது. ஊக்கு ஆடியது. மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இப்படியும் அப்படியும். பிறகு நின்றது.

வீட்டுப் பக்கம்.

கோட்டின் மேல் இல்லை. கோட்டைத் தாண்டியிருந்தது. புகைக்குழாயின் மேல் நேராக நின்றது. அதைப் பார்த்தது நான் ஒருத்தன்தான். குழலில் கண் வைத்திருக்கிறவளுக்குத் தெரியாது. கிணற்றடியில் நிற்கிறவனை அங்கே அனுப்பியது நான்.

10

என் காரணத்தைச் சொல்கிறேன் என்றேனே, இதுதான். நூலை வாசிக்க என்னைத் தவிர இன்னொரு ஆள் வேண்டும். அதற்குத்தான் இத்தனையும் எழுதி உங்களைக் கூட்டி வந்தேன்.

அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். மரத்தை ஒரு வரியில் தெருப்பக்கம் தள்ளினவன் நான், இன்னொரு வரியில் என்னை நல்லவனாக்கவும் எனக்குத் தெரியும். நான் எழுதினால் நீங்கள் நம்பவும் கூடாது.

நான் முட்டி போட்ட இடம் காலியாக இருக்கிறது. குனியுங்கள். நூலைப் பார்த்துவிட்டீர்கள். உள்ளே கடுகு வெடிக்கிறது. முன்பக்கம் சொர்ணம்மாள் தேங்காய் துருவுகிறாள், அந்தச் சத்தமும் கேட்கும். பிள்ளைக்குக் கை வலிக்க ஆரம்பித்துவிட்டது, குழல் லேசாக நடுங்குகிறது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

"எந்தப் பக்கம்?" என்று கேட்கிறாள்.