எறும்புக்குப் போட்ட கோடு

மாடிப்படியின் கடைசிப் படியில் ஒரு தேனீ மல்லாந்து கிடந்தது. சத்யப்பிரியா கல்லூரிப் பையைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்தாள். ஒன்றிரண்டு செத்தால் பயப்படாதே, அது தினமும் நடப்பதுதான் என்று கல்லூரியில் பாடம் எடுக்கும் பார்வதி மேடம் சொல்லியிருந்தார். ஆனால் மொட்டை மாடியில் கால் வைத்ததும் பை தோளிலிருந்து தானாக நழுவியது. வெயிலுக்காக வெள்ளையடித்திருந்த தரையில், தேனீப் பெட்டியைச் சுற்றிக் கடுகைக் கொட்டியதுபோல் தேனீக்கள் கிடந்தன. சில இன்னும் சாகவில்லை. எழுந்து நிற்கப் பார்த்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தன.

விலங்கியல் இரண்டாம் வருடம் படிப்பவளுக்கு ப்ராஜெக்ட் என்று பட்டுப்பூச்சி இருந்தது, மண்புழு இருந்தது. இவள்தான் வீம்புக்குத் தேனீயைக் கேட்டு வாங்கினாள். கல்லூரி கொடுத்த பெட்டி கருவடிக்குப்பத்தில் இந்த வீட்டு மாடிக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்றுவரை தடித்த கையுறை இல்லாமல் அவள் அதைத் தொட்டதில்லை. அம்மா நிர்மலாதேவிக்கு அந்தத் தைரியமும் கிடையாது. பெட்டி வந்த நாளிலிருந்து மாடிக்கே வராமல், துணியைச் சமையலறை ஜன்னல் கம்பியில் காயப்போடுகிறாள். திங்கட்கிழமை வெளியிலிருந்து தேர்வாளர்கள் வந்து ப்ராஜெக்ட்டைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள். இந்த நேரம் பார்த்து இப்படி.

மேடத்துக்குப் போன் போட்டாள். அவர் பதறவில்லை. "நாக்கு வெளிய நீட்டிக்கிட்டிருக்கா பாரு."

பார்த்தாள். செத்துக் கிடந்த அத்தனைக்கும் மயிரிழைபோல நாக்கு வெளியே நீண்டிருந்தது.

"அப்ப மருந்துதாம்மா. யாரோ என்னமோ அடிச்சிருக்காங்க. முதல்ல ராணி இருக்குதான்னு பாரு. ராணி இருந்தா கூட்டம் பொழைச்சிக்கும். அந்த எடத்துல வெக்காத, அடிப்பலகைய மாத்திடு."

யாரோ என்று மேடம் சொன்னார். சத்யாவின் மனதில் அந்த யாரோவுக்கு ஒரு முகமே இருந்தது. கீழ் வீட்டுக்காரர், வீட்டு உரிமையாளர் தணிகாசலம். போன வாரம் அவர் மனைவி ராஜாம்பாள் மாடியில் வடகம் பிழியப் போய்க் கண்ணிமையில் கொட்டு வாங்கி, மூன்று நாள் ஒற்றைக் கண்ணோடு நடமாடினாள். அன்று அவர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "ஒரு நாளைக்கி ஸ்பிரே அடிச்சி வுட்டுடுவேன், பாத்துக்கோ."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அது ஆத்திரக்காரிக்கும் சேர்த்துத்தான். மேடம் சொன்ன முதல் வேலையை விட்டுவிட்டு இரண்டு இரண்டு படியாக இறங்கினாள். தணிகாசலம் வாசல் கிரில்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராஜாம்பாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"மாமா, மேல மருந்து அடிச்சீங்களா?"

"இன்னா மருந்து?"

"அடிப்பேன்னு நீங்கதான சொன்னீங்க. எல்லாம் செத்துக் கெடக்குது. அத்தையக் கொட்டனதுக்கு வன்மம் வெச்சிக்கிட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே!"

கீரை உருவிய கை நின்றது. தணிகாசலம் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"எங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா ஊர் ஊரா போயி கட்டின வூடு இது. எனக்குப் புடிக்கலன்னா பொட்டியத் தூக்கிட்டுப் போன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். திருட்டுத்தனமா வெஷம் வெக்க மாட்டேன்." கிரில் கம்பியைப் பிடித்து எழுந்தார். "யாருன்னு நீயே கண்டுபுடி. நான்தான்னா உன் கால்ல வுழறேன். நான் இல்லன்னா நீங்க வூட்டக் காலி பண்ணணும். சரியா?"

"சரி மாமா," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. சேதராப்பட்டு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து உள்ளே தூங்குகிற அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் வாயால் கெட்ட தவளைக் கதைதான்.

மறுபடி மேலே வந்து, முகவலையும் கையுறையும் மாட்டி, தரையில் மண்டியிட்டு ஸ்பிரே விழுந்த ஈரத்தைத் தேடினாள். ஈரம் எங்குமில்லை. பெட்டியைத் தாங்கும் நான்கு கால்களும் நிற்கிற தண்ணீர்க் கிண்ணங்கள் காய்ந்து கிடந்தன. எறும்பு ஏறாமலிருக்க அவற்றை நிரப்பிவைக்க வேண்டியது அவள் வேலை. பரீட்சை மும்முரத்தில் மறந்துபோயிருந்தாள். இன்னும் குனிந்தபோதுதான் தெரிந்தது, வெள்ளைத் தரையில் வெள்ளைக் கோடு. நான்கு கால்களையும் சுற்றி ஒன்று. பெட்டியைச் சுற்றி ஒன்று. தேனீ வந்து இறங்குகிற வாசல் பலகையில் மட்டும் ஒன்றுக்கு இரண்டாக, அழுத்தமாக, கோலத்துக்குக் கரை கட்டுவதுபோல.

எறும்பு சாக்பீஸ், பூச்சிமருந்து கலந்தது. சர்க்கரை டப்பாவைச் சுற்றி, அரிசிப் பானையைச் சுற்றி, சாமி விளக்கைச் சுற்றி, இந்த வீட்டில் இப்படி இரட்டைக் கோடு இழுக்கிற கை ஒன்றுதான் உண்டு.

திரும்பினாள். அம்மா படியில் நின்றிருந்தாள், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு.

"காலையில பாத்தேன் பாப்பா. எறும்பு சாரசாரையா ஏறுது. நீ காலேஜுக்குப் போயிட்ட. உன் பூச்சிய தின்னுடப் போவுதேன்னு..." அம்மா தரையில் கிடந்தவற்றைப் பார்த்தாள். "எறும்புதான் சாவும்னு நெனச்சேன்டி. இது பெருசாச்சே."

சத்யாவுக்குத் திட்ட வார்த்தை வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இவ்வளவு பயந்தவள், துண்டைச் சுற்றிக்கொண்டு தனியாக மேலே வந்து, வாசல்வரை கையை நீட்டி, கோடு போட்டிருக்கிறாள்.

"கீழ நீ பேசனத கேட்டேன். அவருகிட்ட சொல்லாத," என்றாள் அம்மா மெதுவாக. "நான் அழிச்சிடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"அதெல்லாம் அப்பறம். பலகை வேணும்மா, உடனே!"

அம்மா ஓடிப்போய்த் தன் கல்யாண மணைப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சத்யா அதை மாடியின் மறுகோடியில், தென்னை நிழலில், இரண்டு செங்கல்மேல் வைத்தாள். பெட்டியின் மூடியைத் திறந்து தேனடைச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். முதல் சட்டத்தில் ராணி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கையுறைக்குள் விரல்கள் வழுக்கின, ஆகவே அதைக் கழற்றி எறிந்தாள். மூன்றாவது சட்டத்தில், கூட்டத்துக்கு நடுவே, நீண்ட வயிற்றோடு ராணி நடந்துகொண்டிருந்தது. உயிரோடு.

கூட்டைத் தூக்கும்போது ராணி நசுங்காமலிருக்க அந்தச் சட்டம் வெளியே இருக்க வேண்டும். தரையில் வைக்க முடியாது, தரை முழுக்கக் கோடு.

"அம்மா, புடி. ஓரத்துல புடி. ஆட்டாத."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி வாங்கினாள். சத்யா கூட்டைப் பழைய அடிப்பலகையிலிருந்து பெயர்த்து, மூச்சுப் பிடித்து, மறுகோடிவரை சுமந்து, மணையின்மேல் இறக்கினாள். திரும்பி வந்தபோது ராணி சட்டத்தின் மேல்விளிம்புக்கு வந்திருந்தது. அது போகிற திசையில் அம்மாவின் கட்டைவிரல். விரல் சாக்பீஸ் தூள் ஒட்டி வெள்ளையாக இருந்தது. மணையைத் தந்துவிட்டு, மகள் திரும்பிப் பார்க்கும் முன், அம்மா வெறுங்கையால் தரைக் கோட்டைத் தேய்த்து அழிக்கப் பார்த்திருக்கிறாள்.

கத்தினால் அம்மா சட்டத்தைப் போட்டுவிடுவாள். சத்யா அருகில் போய், தன் வெறும் ஆள்காட்டி விரலை ராணிக்கும் அந்த வெள்ளை விரலுக்கும் நடுவில் வைத்தாள். தேனீக்கள் மணிக்கட்டில் ஏறின. ஒன்று கொட்டியது. வலி முழங்கைவரை போனது. அவள் விரலை எடுக்கவில்லை.

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்து நின்றது.

"இன்னா பாப்பா," என்றது தணிகாசலத்தின் குரல். "யாருன்னு தெரிஞ்சுதா?"

அம்மா கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள். சட்டம் லேசாக ஆடியது.

"தெரிஞ்சுது மாமா. நீங்க இல்ல," என்றாள் சத்யா, மூச்சுக் காற்று சட்டத்தின்மேல் படாமல். "அங்கியே நில்லுங்க. சொல்றேன்."

ராணி அவள் நகத்தின்மேல் ஏறி, முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நின்றது.