சூசைமேரியின் கைக்குள் குடிவந்த வார்த்தை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, கேட்டு முடித்தபிறகு ஒருதரம் சிரிக்காமல் எழுந்து போகமாட்டீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

அன்னூர் ரோட்டுப் பவுண்டரியில் வேலைசெய்த சூசைமேரியின் வலது கைக்குள் போன சித்திரையில் ஒரு பழைய இங்கிலீஷ் வார்த்தை குடிவந்தது. வார்த்தெடுத்த பம்பு பாடியின் பிசிறை உளியால் தட்டி அரத்தால் ராவுவதற்குக் கோயமுத்தூரில் பெட்லிங் என்று பெயர். கல்யாணமானதிலிருந்து அவளுக்கு அதுதான் வேலை. அன்றைக்கு அவள் தொட்டதும் பிசிறெல்லாம் தானாக உதிர்ந்தது. மேஸ்திரி வேலுமணி அதைக் கூட்டி வாரிக்கொண்டு, கிரைண்டர் ஓட்டும் கரண்டு மிச்சம் என்றார். வைகாசியில் அந்தக் கை பக்கத்துத் தோட்டத்து ஐயாசாமியின் மக்கர் பண்ணிய கிணற்று மோட்டாரைத் தொட்டது, தண்ணீர் கொட்டியது. ஆடியில் அவள் தடவிக்கொடுத்த காளைகளெல்லாம் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கின.

வீட்டில் அவள் கணவன் அந்தோணிராஜ் மட்டும் மஞ்சள்காமாலை தேறியும் கட்டிலை விட்டு எழவில்லை. நோய் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், கால்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தையில் மகள் கரோலினுக்குக் கல்யாணம். அப்பா கைபிடித்துப் பீடம்வரை கூட்டிப்போகாவிட்டால் தாலியே வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, ஒருக்கா தொட்டுப் பார்க்கட்டுங்களா?"

"நானென்ன பம்பு பாடியா, என்னைய ராவறதுக்கு? போ புள்ள அக்கட்டால."

கரோலின் போனில் பெட்லிங் என்ற வார்த்தையின் மூலத்தைத் தேடினாள். "ஃபெட்டில்னு பழைய வார்த்தைங்கம்மா. பிசிறு எடுக்கறது, ரிப்பேர் பண்றது, குதிரையத் தேச்சுவுடறது, அல்லாத்துக்கும் அதானாமா. நல்ல தெம்புன்னும் ஒரு அர்த்தம் இருக்குது. அடிச்சு வெளுக்கறதுன்னும் இருக்குது."

"தெம்பு எப்பக் கண்ணு வரும்?"

"அது எனக்கெப்படீங்கம்மா தெரியும்?"

கார்த்திகையில் வந்தது அடிதான். வேலுமணி தோளில் ஒட்டிய தூசியைத் தட்டிவிடப் போனாள். அவர் மணல்மேட்டில் போய் விழுந்தார். எழுந்து மணலை உதறிவிட்டு, இடுப்புப்பிடிப்பு விட்டுவிட்டதாகச் சொன்னார். அவள் பயந்து கையைத் துண்டால் கட்டிக்கொண்டாள். பிசிறு எடுத்ததும் சாப்பிட்டதும் இடது கையால்தான்.

கல்யாண நாளும் வந்துவிட்டது. இதற்குள் அடி போய்த் தெம்பு வந்திருக்கும் என்று நம்பி, துண்டை அவிழ்த்து, சிலுவை போட அந்தோணிராஜின் நெற்றியில் கை வைத்தாள். கை தானாகப் பளாரென்று அறைந்த சத்தத்தில் கோயில் கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் பறந்தன.

"கட்டுன புருசனையா அடிக்கிறே? இப்பவே போயிச் சாமியார்கிட்டச் சொல்லிப்போடறேன் பாரு!"

கட்டிலைவிட்டு எழுந்தவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தெருவெல்லாம் திட்டியபடி விறுவிறுவென்று கோயிலுக்குப் போனார். வாசலில் நின்ற கரோலின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பீடம்வரை அவர் புகாரை நிறுத்தவில்லை. சாமியார் முழுவதும் கேட்டுவிட்டுப் பூசையை ஆரம்பித்தார்.

இப்போது ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் சோர்ந்தவர்கள் சூசைமேரி முன்னால் வரிசையில் நிற்கிறார்கள், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு. சாமியாரும் ஒருதரம் நின்றார்.

உங்கள் வீட்டில் படுத்தவர்கள் எழுந்து நடக்கட்டும் கண்ணுகளா, அவர்களை எழுப்புகிற கை என்றைக்கும் வீட்டிலேயே இருக்கட்டும்.