அமீர் பாஷாவின் சிவப்புக் கோடு

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனி ஆபீசில் இருந்த ஒரே கம்ப்யூட்டரைத் தொட உரிமை உள்ளவள் பில்கிஸ் ஒருத்திதான். முதலாளி அமீர் பாஷாகூட அதன் பக்கத்தில் வரும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். ஆனால் பில்கிஸ் அடித்துக் கொடுக்கும் ஆங்கிலக் கடிதத்தில் தினமும் ஒரு தப்பாவது கண்டுபிடிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். ஒரு கமாவைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கச் சொல்வார். அவர் அந்தப் பக்கம் போனதும் பில்கிஸ் அதைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுவாள்.

இரண்டாயிரத்து ஆறு ஜூலையில் அவர் சென்னையிலிருந்து ஒரு சீடியும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றும் வாங்கிவந்தார்.

"இதை வண்டியில வெச்சா, சாட்டிலைட்டப் பாத்து போற எடத்தையெல்லாம் குறிச்சு வெச்சுக்கும். அப்புறம் கம்ப்யூட்டர்ல சொருகினா மேப்ல கோடு போட்டுக் காட்டும். ராணிப்பேட்டை போய்வர ஜெஸ்டனுக்கு ஏன் அஞ்சு மணி நேரம் ஆவுதுன்னு பாத்துடலாம்."

ஜெஸ்டன் கம்பெனி வேன் டிரைவர். பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது சார்" என்று மட்டும் சொன்னான்.

சாஃப்ட்வேரை ஏற்ற பில்கிஸுக்கு அரை நாள் பிடித்தது. சீடி உறையில் இருந்த நீளமான எண்ணில் எது சைபர், எது ஓ என்று தெரியாமல் பதினோரு தடவை அடித்தாள். பிறகு பெட்டி எந்த போர்ட்டில் இருக்கிறது என்று அது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிப்பார்த்தாள். நாலுக்குத்தான் ஒத்துக்கொண்டது.

ஒரு வாரம் கழித்து, புதன்கிழமை சாயந்திரம் முதலாளி வீட்டுக்குப் போன பிறகு ஜெஸ்டன் பெட்டியைக் கொண்டுவந்தான். நூல் கணக்கு கேட்க வந்த நசீமுன்னிசாவும் அப்போது பக்கத்தில் நின்றார். அமீர் பாஷாவின் அக்கா. தையல் ஹால் முழுக்க அவர் பொறுப்பு. உருது வழக்கில் கம்பெனியில் எல்லாருக்கும் அவர் ஆபா.

திரையில் சிவப்புக் கோடு விழுந்தது. அது ராணிப்பேட்டைப் பக்கமே போகவில்லை. மூன்று நாள், மத்தியானம் மூன்று மணிக்கு, வேலூருக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருந்தது.

"வேலூர்ல உனக்கு இன்னாடா வேலை?" என்றார் ஆபா.

"நானா? வேன்ல சார்ஜ் போடுற சாக்கெட் போய்ட்டுது ஆபா. பெட்டி செத்துடுமேன்னு சாரோட கார்ல சொருகி, சீட்டுக்குக் கீழ வெச்சேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

அவன் முகம் அளவுக்கு மீறி அப்பாவியாக இருந்தது. ஆனால் ஆபா அதைக் கவனிக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு மணி நேரமா? எங்கப்பாவும் இப்டித்தான். கடைசி வரைக்கும் நோவ யாருக்கும் சொல்லல."

கொஞ்ச நாளாக முதலாளி தனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு நடப்பதை பில்கிஸும் பார்த்திருந்தாள். ஏதோ மருந்தின் வேலை என்று இப்போது தோன்றியது. அந்தக் கமாக்களை அவர் சொன்ன இடத்திலேயே விட்டிருக்கலாம்.

மறுநாள் அவர் கார் கிளம்பிய பத்தாவது நிமிஷம் மூன்று பேரும் வேனில் கிளம்பினார்கள். மேப்பில் இருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை பில்கிஸ் தாளில் எழுதிவந்திருந்தாள். அந்த எண்களை வைத்துக்கொண்டு யாரிடமும் வழி கேட்க முடியவில்லை. ஜெஸ்டன்தான் இரண்டு டீக்கடையில் விசாரித்து அந்தச் சந்து எதுவென்று கண்டுபிடித்தான். முதலாளியின் கார் ஒரு மாடி வீட்டின் முன்னால் நின்றது. மேலே கூட்டமாகக் குரல்கள் கேட்டன.

படி ஏறிப் பார்த்தார்கள். வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்ஸ் பெண்கள் இருபது பேர் பெஞ்சுகளில் இருந்தார்கள். முன் பெஞ்சில் அமீர் பாஷா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் சின்ஸ் டூ அவர்ஸ்."

"சின்ஸ் இல்ல சார், ஃபார். போன கிளாஸ்லயும் இதேதான் சொன்னீங்க" என்றாள் டீச்சர் கரோலின். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"சாரி மிஸ்" என்றார் அமீர் பாஷா.

ஆபா வாசலிலேயே அழ ஆரம்பித்தார். அழுகை பாதியில் சிரிப்பாக மாறியது. "உன்னை நான் ஐசியூல தேடலாம்னு வந்தா, நீ பெஞ்சு மேல நிக்கப்போற மாதிரி இருக்கியே அமீர்!"

நர்ஸ் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அமீர் பாஷா நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கீழே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "போன தடவ நம்ம ஷூ வாங்குற ஜெர்மனிக்காரர் வந்து ஒரு ஜோக் சொன்னாரில்ல ஆபா, எல்லாரும் சிரிச்சு முடிச்ச பிறகுதான் நான் சிரிச்சேன். அவர் அதைப் பாத்துட்டார். செப்டம்பர்ல மறுபடி வர்றார்."

ஆபா தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக, "அதை எடுத்துடு" என்றார் அமீர் பாஷா. பில்கிஸ் கம்ப்யூட்டரிடம் சாஃப்ட்வேரை நீக்கச் சொன்னாள். நிச்சயமாகவா என்று அது இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்றாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால், மௌஸ் அம்பு பைத்தியம் பிடித்ததுபோலத் திரை முழுக்க ஓடியது. தானாகவே ஃபைல்களைத் திறந்தது, மூடியது. ஜெர்மனிக் கடிதம் ஒன்று குப்பைத்தொட்டிக்குள் போய் விழுந்தது.

"சைத்தான் புகுந்துட்டுது" என்று அமீர் பாஷா இரண்டடி பின்னால் போனார்.

பில்கிஸ் கேபிளைத் தடவிப்பார்த்தாள். பெட்டியைக் கழற்ற மறந்திருந்தாள். சாஃப்ட்வேர் போனதால், பெட்டி அனுப்புகிற எண்களைப் பார்த்துவிட்டு இதுவும் ஒரு மௌஸ் என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டியிருந்தது. சாட்டிலைட் சொல்லச் சொல்ல அம்பு ஆடிக்கொண்டிருந்தது. அவள் பெட்டியைப் பிடுங்கினாள். அம்பு அப்படியே நின்றது. கடிதத்தைக் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டு, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள்.

அமீர் பாஷா வாய்க்குள் மெல்ல வாசித்துக்கொண்டே போனார். மூன்றாவது வரியில் நின்றார்.

"இங்க ஒரு கமா…" என்று தொடங்கி, கொஞ்சம் யோசித்தார். "இது சரியா பில்கிஸ்?"

"சரிதான் சார்."

"ஏன் சரி?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் முதல்முறையாகக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.