சூப்பர் மார்க்கெட்டில் நிறுத்திய வண்டி

வெள்ளைச் சாமந்தியை அப்பாவின் காதோரம் ஷூஜி செருகிக்கொண்டிருந்தபோது, சவப்பெட்டியின் எதிர்ப்பக்கத்திலிருந்து முகாய் மாமா ஒரு கியர் குமிழை நைசாக உள்ளே தள்ளப் பார்த்தார். ஈமக்காரியக் கம்பெனி ஆள் கவனித்துவிட்டார். எரியாத சாமான் எதையும் பெட்டிக்குள் வைக்க முடியாது என்று குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மாமா குமிழைக் கோட்டுப் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டு, இன்னொரு பையிலிருந்து ஒரு கார்க் மூடியை எடுத்தார்.

"இது எரியும்ல?"

எரியும் என்றார் அந்த ஆள்.

"அப்ப வைக்கிறேன். எங்க கம்பெனியே கார்க்குலதான் ஆரம்பிச்சது. மூணு சக்கர வண்டி, நாலு சக்கரமெல்லாம் அதுக்கப்புறம்தான். இவாவோ முதல்லேருந்து ஆரம்பிக்கட்டும்."

சுற்றி நின்ற கிழவர்கள் அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். எல்லாருமே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாஸ்டா தொழிற்சாலையில் ஷூஜியின் அப்பா இவாவோவோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அந்தச் சந்தில் எந்த வீட்டு முன்னால் பார்த்தாலும் அந்தக் கம்பெனி வண்டிதான் நிற்கும். ஹிரோஷிமாவில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. சவ வண்டிகூட அதே கம்பெனியா என்று முகாய் மாமா முந்தின நாளே போன் போட்டு உறுதி செய்துகொண்டிருந்தார்.

ஷூஜிக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா இறந்ததிலிருந்து அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுக்களைக்குப் போவான், கொதிக்காத கெட்டிலைப் பார்ப்பான், வாசலுக்கு வந்து மலர் வளையங்களில் எழுதியிருக்கும் பெயர்களைப் படிப்பான், மறுபடி உள்ளே போவான். கால்சட்டைப் பையில் வண்டிச் சாவி கிடந்து தொடையைக் குத்திக்கொண்டே இருந்தது. எடுத்து வேறெங்காவது வைத்திருக்கலாம். அதுவும் தோன்றவில்லை.

பெட்டியை மூடுவதற்கு முன் போன் வந்தது. அத்தை மகன்தான். அம்மாவையும் அத்தையையும் சுடுகாட்டுக்கு அழைத்துப் போக அவன்தான் வேனோடு வருவதாக இருந்தான். தன் ஊர் மலைப்பாதையில் பனி, வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, வர முடியாது என்றான். அம்மா சவ வண்டியிலேயே ஏறிக்கொள்ளலாம். ஆனால் கிகுயோ அத்தைக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன, பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் இருப்பது அப்பாவின் சிவப்பு ரோட்ஸ்டர் மட்டும். உறை போட்டு மூடி வைத்த, இரண்டே சீட்டுள்ள குட்டி வண்டி. அதில் அத்தையை இறக்கி உட்கார வைத்தாலும் திரும்ப எடுக்க ஆள் வேண்டும்.

டாக்சி சொல்லட்டுமா என்று ஷூஜி கேட்டான். பனி நாளில் டாக்சி எப்போது வரும், எரியூட்டக் கொடுத்த நேரம் தவறிவிடும் என்றார் கம்பெனி ஆள்.

அம்மா அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

"போய் உன் வண்டிய எடுத்துட்டு வா."

"அம்மா, அது..."

"ஏன், அதுக்குச் சக்கரம் இல்லையா?"

அதற்குச் சக்கரம் இருந்தது. சிக்கல் அதன் மூக்கில் ஒட்டியிருந்த சின்னத்தில். ஷூஜி எஞ்சினியர், நகோயா பக்கத்துப் பெரிய கார் கம்பெனியில். வேலைக்குச் சேர்ந்த வருஷம், புத்தாண்டுக்கு அந்தக் கம்பெனி வண்டியைப் புது மெருகோடு இந்தச் சந்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்தான். அப்பா வெளியே வந்து முன்னும் பின்னும் பார்த்தார். தொடவில்லை. "இத இந்தத் தெருவுக்குள்ள கொண்டு வராத" என்றார். கத்தவில்லை, ஆனால் தெருவுக்கே கேட்டது. அன்றிலிருந்து முக்கில் இருக்கும் சூப்பர் மார்க்கெட் மைதானத்தில் வண்டியை விட்டுவிட்டுத் துணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவான். மற்றபடி சண்டை எதுவும் இல்லை. சேர்ந்து சாப்பிடுவார்கள், டிவியில் புத்தாண்டுத் தொடரோட்டம் பார்ப்பார்கள். வண்டி என்ற பேச்சு மட்டும் வராது. வண்டியிலேயே வாழ்ந்த இரண்டு பேர் வண்டியைப் பற்றிப் பேசாமல் இருப்பதென்றால் பேச எவ்வளவு மிச்சம் இருக்கும்?

அப்பாவின் கோபத்துக்குக் காரணம் ஷூஜிக்குத் தெரியும். எண்ணெய் விலை ஏறி வண்டி விற்காமல் போன காலத்தில், கம்பெனி தன் தொழிலாளிகளுக்குக் கோட்டு மாட்டி ஊர் ஊராக விற்க அனுப்பியது. போல்ட்டு முடுக்கிய கையோடு அப்பா ஒசாகாவில் வீடு வீடாக மணி அடித்தார். அந்தக் கம்பெனியா, அது தேறாதே என்று முகத்துக்கு நேரே சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வண்டிகூட விற்காமல், ஒசாகாப் பெண் என்னைத்தான் ஓட்டிக்கொண்டு வந்தார் என்று அம்மா கேலி செய்வாள். அப்படி வாசல் வாசலாக நின்று தூக்கி நிறுத்திய கம்பெனி இருக்க, மகன் போய்ச் சேர்ந்தது அடுத்தவனிடம்.

இதில் கொடுமை, ஷூஜிக்கு எஞ்சினியர் ஆசை வந்ததே அப்பாவின் ரோட்ஸ்டரில்தான். அது வந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். தொழிலாளி ஒருவன் கனவு காணக்கூடிய விலையில், கூரையை மடக்கிவிட்டுக் காற்றோடு போகிற வண்டி. வேகத்தில் அது யாரையும் தோற்கடிக்காது. ஆனால் கடற்கரைச் சாலையில் வளைவு வந்தால் அப்பா கியரைக் குறைத்து விசிலடிப்பார். குதிரையும் சவாரிக்காரனும் ஒன்றாகிவிடணும் என்று கம்பெனியில் சொல்வதை அப்போதுதான் சொல்லுவார். இங்கேயே சேர்ந்திருந்தால் சாகும்வரை இவாவோ மகன் என்ற பெயர்தான். அந்தப் பெயர் அவனுக்குப் பயமாக இருந்தது. அதை அப்பாவிடம் சொல்லாமலே நகோயாவுக்கு ரயிலேறிவிட்டான்.

கறுப்புக் கோட்டோடு ஓட்டமும் நடையுமாக சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனான். புத்தாண்டுக்கு வந்து நிறுத்திய வண்டி அப்படியே நின்றது. இரண்டாம் நாள் அப்பா விழுந்தார், அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் இது. மூக்கில் புத்தாண்டு வைக்கோல் வளையம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் சின்ன ஆரஞ்சு, வெள்ளைக் காகித வால். வருஷா வருஷம் அவன் வந்த மறுநாள் காலையில் பார்த்தால் அது வண்டியில் இருக்கும். நாள்கணக்கில் நிற்கிற வண்டிகளுக்குக் கடைக்காரர்கள் விளம்பரத்துக்குக் கட்டிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். திரும்பும் வழியில் நெடுஞ்சாலைக் கடை எதிலாவது டீ குடிக்க நிறுத்தும்போது பிய்த்துக் குப்பைத் தொட்டியில் போடுவது வழக்கம்.

துக்க வீட்டில் புத்தாண்டு அலங்காரம் ஆகாது. வாசலில் இருந்ததை அம்மா அன்றே கழற்றிவிட்டாள். ஷூஜி வளையத்தைப் பிடித்து இழுத்தான். முறுக்கிய சிவப்புக் கம்பி விரலைக் கிழித்ததே தவிர விடவில்லை. நேரமும் இல்லை. அப்படியே ஏறி ஓட்டினான்.

சந்துக்குள் திரும்பினால் இரண்டு பக்கமும் கறுப்பு உடையில் ஆட்கள். நகோயா வண்டியின் மூக்கு உள்ளே வருவதை யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று அவன் வாலிபப் பையன் மாதிரி வியர்த்தான். மலர் வளையங்கள் இடித்துக்கொண்டு நின்றன. எட்டிப் பார்த்து அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். மணிக்கட்டில் சுற்றியிருந்த ஜெபமாலையின் குஞ்சம் ஸ்டியரிங் பக்கத்துக் கம்பியில் மாட்டிக்கொண்டது. உருவப் பார்த்ததில் உள்ளங்கை ஹார்னை அழுத்தியது. மாலை விடவில்லை. ஹார்னும் விடவில்லை.

நீளமாக ஒலித்தது. பெட்டியை ஏற்றிய வண்டி வாசலை விட்டுக் கிளம்பும்போது அடிக்கிற அதே நீளம்.

சந்து முழுக்கக் கைகள் குவிந்தன. வெள்ளைத் தலைகள் எல்லாம் குனிந்தன. தொழிற்சாலையில் ஆயுசைக் கழித்த அத்தனை கிழவர்களும் இடுப்பை வளைத்து நகோயா வண்டிக்கு வணக்கம் போட்டுக்கொண்டு நின்றார்கள். சடங்குப்படி அது தாண்டும் வரை தலை தூக்கக் கூடாது. ஷூஜிக்கு வண்டியை நிறுத்தவும் தெரியவில்லை, ஓட்டவும் தெரியவில்லை. அப்படியே ஊர்ந்து அத்தனை பேரையும் கடந்து வீட்டு வாசலில் போய் நின்றான். பெட்டி இன்னும் உள்ளேதான் இருந்தது.

முதலில் நிமிர்ந்தது முகாய் மாமா. வண்டியைப் பார்த்தார், சின்னத்தைப் பார்த்தார். ஷூஜி குதித்து இறங்கி, தப்பாக அமுங்கிவிட்டது, மன்னிக்கணும் என்று நாலா பக்கமும் குனிந்தான். கைத்தடியோடு வாசலில் நின்ற கிகுயோ அத்தைக்கு வேறு கவலை.

"டேய், சாவு வீட்டு வாசல்ல என்னடா தோரணம் கட்டிட்டு வந்து நிக்கிற? கழட்டுடா அத."

"கழட்ட வரல அத்தை. கடைக்காரன் என்னவோ கம்பி போட்டு..." என்று வளையத்தை மறுபடி இழுத்தான்.

"எந்தக் கடைக்காரன்?" என்றார் முகாய் மாமா.

"சூப்பர் மார்க்கெட்லதான். வருஷா வருஷம் கட்டுவாங்க."

மாமா ரோட்ஸ்டரிடம் போய் உறையின் முனையைத் தூக்கிக் காட்டினார். சிவப்பு மூக்கில் அதே வளையம், அதே ஆரஞ்சு, அதே சிவப்புக் கம்பி.

"அவங்க எதுக்குடா உனக்குக் கட்டணும்? இவாவோ கட்டினது. நீ வந்த மறுநாள் விடியுமுன்ன போவான். ஒரு வருஷம் மழை, நான்தான் குடை பிடிச்சேன். தூரமா ஓட்டிட்டுப் போற பய, நல்லபடியா போய்ச் சேரட்டும்னான். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற."

ஷூஜி வளையத்தில் இருந்து கையை எடுத்தான். இத்தனை வருஷத்துக் குப்பைத் தொட்டிகளும் ஒன்று விடாமல் நினைவுக்கு வந்தன. பிய்த்துப் போட்டதைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தான்.

அத்தை மட்டும் விடவில்லை, துக்க வீட்டில் இது ஆகாது என்று மறுபடி ஆரம்பித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்த அம்மா, "இருக்கட்டும் அண்ணி. வண்டிக்கு என்ன தீட்டு?" என்றாள்.

அப்புறம் பெட்டி வந்தது. சரியான ஹார்ன் ஒலித்தது. கிழவர்கள் மறுபடி ஒரு முறை முழுதாக வணங்கினார்கள்.

மலை மேல் சுடுகாட்டில் காத்திருந்த நேரத்தில் ஷூஜி வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தான். உட்காருடா, தலை சுற்றுது என்று அத்தை திட்டினாள். கடைசியில் அம்மா பக்கத்தில் வந்து நின்று, உனக்குத் தெரியுமா என்று கேட்டான். அம்மா கைக்குட்டையை மடித்தாள்.

"வைக்கோல் வாங்கிட்டு வந்தார்னா எப்பவும் ரெண்டு பண்ணுவார். இன்னொண்ணு எதுக்குன்னு கேட்டா, ஸ்பேர்னு சொல்வார்."

எலும்பை மூங்கில் குச்சியால் இருவராகச் சேர்ந்து எடுத்து, சின்னக் கலசத்தில் வைத்தார்கள். வெள்ளைத் துணி கட்டிய கலசத்தை அம்மா மார்போடு அணைத்துக்கொண்டாள். சவ வண்டி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. திரும்ப இருப்பது ஒரே வண்டிதான். அத்தையைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு ஷூஜி முன்கதவைத் திறந்து பிடித்தான். அம்மா யோசிக்கவில்லை. ஏறி, கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு, "பெல்ட்டு எட்டல, நீ போடு" என்றாள். அவன் குனிந்து அம்மாவையும் கலசத்தையும் சேர்த்துக் கட்டினான்.

சுடுகாட்டிலிருந்து போன வழியில் திரும்பக் கூடாது. மிச்சம் இருந்தது பாலத்து வழி, தொழிற்சாலை வாசலைத் தாண்டிப் போவது. வேலை விட்டு வந்த ஆட்கள் சிக்னலில் வண்டிக்கு முன்னால் கடந்தார்கள். ஒருத்தன் சின்னத்தைப் பார்த்தான், கீழே வளையத்தைப் பார்த்தான், அவன் பாட்டுக்குப் போனான். ஷூஜி வளைவுகளில் மெதுவாகத் திருப்பினான். அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

முக்கு வந்ததும் கை தானாக இண்டிகேட்டரைப் போட்டுவிட்டது. சூப்பர் மார்க்கெட் பக்கம்.

"எங்கடா போற?" என்றாள் அம்மா.

அவன் இண்டிகேட்டரை அணைத்துவிட்டுச் சந்துக்குள் திருப்பினான்.

வீட்டு முன்னால் வண்டி நிற்கிற இடத்தில், ரோட்ஸ்டரின் உறை கழற்றி மடித்து வைக்கப்பட்டிருந்தது. எப்போதும் நடுவில் நிற்கும் வண்டியை யாரோ சுவரை ஒட்டித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு வண்டிக்கு மட்டும் இடம். அதன் ஓரத்தில் கோட்டைக் கழற்றிவிட்டு நின்ற முகாய் மாமா, ஷூஜியின் வண்டியைக் கண்டதும் பின்னால் வந்து இரண்டு கையையும் தூக்கினார்.

"வரலாம், வரலாம்" என்றார். "இன்னும் வரலாம்."