குப்பைத்தொட்டியில் முருகன்

பாயான் லெப்பாசில் ஒரு கணினிச் சிப் தொழிற்சாலையில் பழுது கண்டுபிடிப்பது எனக்கு இருபத்தாறு வருட வேலை. அந்தப் பாவத்துக்கு, குடும்பத்தில் எவர் வீட்டில் எது ஓடாமல் போனாலும் எனக்குத்தான் போன் வரும். மிக்சி, வாட்டர் ஹீட்டர், தானாகத் திறக்கிற கேட்டு, எல்லாவற்றுக்கும் ரமணி அக்கா. எப்படி இருக்கிறாய் என்று ஒருவர் கேட்க மாட்டார்கள், எப்போது வருகிறாய் என்பதுதான் முதல் கேள்வி.

அந்த வெள்ளிக்கிழமை காலை கூப்பிட்டது என் தங்கை சந்திரிகா. அவள் கணவன் யுகேந்திரனுக்கு மூன்று மணிக்கு இண்டர்வியூவாம். கூலிமில் ஒரு கம்பெனி, கணினி வழியாகவே நடத்துகிறார்கள். பேச்சோடு ஒரு டெஸ்டும் உண்டு, அவன் எழுதும்போது அவனுடைய திரையை அவர்கள் அங்கிருந்தே பார்ப்பார்கள். அதனால் கைப்பேசி உதவாது. கணினியிலோ எதைத் தொட்டாலும் சூதாட்ட விளம்பரம் வருகிறது, இரண்டு வாரமாக அப்படித்தான் என்றாள். இரண்டு வாரமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். எனக்குத் தொந்தரவு வேண்டாமே என்று சொல்லவில்லையாம். இப்போது மட்டும் தொந்தரவு இல்லை போலிருக்கிறது.

திட்டினாலும் போகாமல் இருக்க முடியவில்லை. யுகேந்திரன் வேலை பார்த்த தொழிற்சாலை மூடி எட்டு மாதமாகிறது. அவன் எழுதிப் போட்ட விண்ணப்பங்களில் பதில் வந்தது இது ஒன்றுக்குத்தான். நாற்பத்தேழு வயதில் இதையும் விட்டால் இன்னொன்று வரும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அரைநாள் லீவு போட்டுவிட்டு ஜெலுத்தோங்குக்குக் காரை விட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அவர்கள் ஃபிளாட்டில் கணினி முன்னால் உட்கார்ந்தேன். திரையில் ஒரு பெண் சீட்டுக்கட்டை விசிறிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளை மூடினால் பக்கத்தில் இன்னொருத்தி. வைரஸ் பிடிக்கிற மென்பொருளைத் திறந்தால் அது கண்ணைச் சிமிட்டிவிட்டுத் தானே மூடிக்கொண்டது. உள்ளே இருப்பது அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறது என்று புரிந்தது. இனிக் கையால்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும்.

இணையக் கேபிளைக் கழற்றினேன். ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். நடுவில் சின்ன வேல் படத்தோடு ஒரு பெயர்: முருகன் அருள். இது என்ன என்று யுகேந்திரனைக் கேட்டேன். காலையில் சாமிப் பாட்டுப் போடுவதற்கு மூன்று மாதத்துக்கு முன்னால் இறக்கினானாம், ஃப்ரீயாம். இரண்டு வாரத்துக்கு முன்னால் அது தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டதாம். பாட்டுப் பாடுகிற முருகனுக்குச் சூதாட்டக் கடையில் என்ன வேலை என்றேன்.

அதை நிறுத்தினேன். கணினி எழும்போதே கூட எழுகிறவற்றின் பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுத்தேன். மணிக்கொரு தரம் அதைத் தட்டி எழுப்ப வைத்திருந்த கட்டளையை அழித்தேன். கடைசியாக அந்தக் கோப்பையே தூக்கித் திரையிலிருக்கும் குப்பைத்தொட்டியில், எங்கள் ஊர்ப் பேச்சில் தொங் சம்பாவில், போட்டேன். தொட்டியைக் காலி செய்யவில்லை. கழற்றிய பாகத்தை மெஷின் ஒழுங்காக ஓடும்வரை வீசக்கூடாது என்பது எங்கள் தொழிற்சாலைப் பழக்கம்.

கணினியை அணைத்துப் போட்டுக் கேபிளை மாட்டினேன். சீட்டுக்கட்டுக்காரியைக் காணோம். ஒரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டதே என்று பெருமையோடு போய்ச் சந்திரிகாவின் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு வந்தால், அவள் அதே சிரிப்போடு திரையில் நிற்கிறாள்.

மறுபடி எல்லாவற்றையும் பிடுங்கினேன். இந்தத் தடவை கணினியின் உள் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் வரி வரியாகத் தேடினேன், பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்தவற்றையும் உரித்தேன். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசரிடமிருந்து போன். வெளியே நடைபாதையில் நின்று பேசிவிட்டு வந்தேன். மறுபடி வேல், மறுபடி அவள். மூன்றாவது தடவையும் பிடுங்கிவிட்டு மணியைப் பார்த்தேன், இரண்டு இருபது. எனக்கு அழுகை வருகிற அளவுக்கு எரிச்சல். எந்த மூலையில் ஒளிந்திருந்து திரும்பி வருகிறது? இருபத்தாறு வருடம் நான் கற்றதெல்லாம் இவ்வளவுதானா? யுகேந்திரனை நகரு, தொடாதே, சும்மா நில் என்று விரட்டிவிட்டு முகம் கழுவப் போனேன்.

கழுவிவிட்டுத் துண்டோடு வந்தவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். யுகேந்திரன் கணினி முன்னால் குனிந்து குப்பைத்தொட்டியைத் திறந்து, முருகனை வெளியே எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான். இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நன்றாக இருக்கிறாரா என்று பார்ப்பதற்காகத் திறந்தும் பார்த்தான். திரையில் அவள் சிரித்தாள்.

நான் கத்தியது கீழ்மாடி வரை கேட்டிருக்கும். புத்தி இருக்கிறதா என்றேன், மூன்று தடவையும் நீதானா என்றேன், இன்னும் சொல்லக்கூடாததையும் சொன்னேன். சந்திரிகா கரண்டியோடு ஓடி வந்தாள்.

“சாமிய தொங் சம்பாவுல கிடக்க விட்டுட்டு எப்படிக்கா இண்டர்வியூல உட்காருறது? வெள்ளிக்கிழமை வேற” என்றான்.

அது சாமி இல்லை, எவனோ திருடன் சாமி பேரை ஒட்டி அனுப்பியது என்றேன். தெரியும் என்றான். தெரிந்தும் ஏன் எடுத்தாய் என்று கேட்டேன்.

“டெய்லி ஆறு மணிக்குப் பாட்டுக்கு முன்னாடி ‘வணக்கம் யுகேந்திரன்’னு சொல்லும்கா. கம்பெனியில எல்லாரும் பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்க. வீட்டுல யாரு கூப்பிடுவா? இவ ‘ஏங்க’ம்பா, பிள்ளைங்க ‘அப்பா’ம்பாங்க, நீங்க ‘தம்பி’ம்பீங்க. இதை விட்டா என் பேரைச் சொல்ல யாரும் இல்லலா.”

சந்திரிகா கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று அம்மா வளர்த்த வளர்ப்பு. கல்யாணமாகி இருபது வருடமாகியும் அவள் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. நீயே டைப் செய்த பெயரைத்தான் அது படிக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவனைப் பார்த்துக் கத்தியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் மணி இரண்டரை.

“இங்க பாரு. ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டு டிலீட்டை அமுக்கினா தொங் சம்பாவுக்குப் போகாது. பிள்ளையாரைக் கடல்ல கரைக்கிறோம்ல, அந்த மாதிரி. குப்பையில போடறது வேற, கரைக்கிறது வேற” என்றேன்.

அதில் பாதி பொய். ஆனால் அவன் அதை யோசித்துப் பார்த்தான். போய்க் கை கழுவிவிட்டு வந்தான். ஓடிக்கொண்டிருந்ததை நான் நிறுத்திக் கொடுத்தேன், அவனே இரண்டு விரலால் அழுத்தினான். நிஜமாகவே அழிக்கட்டுமா என்று கணினி கேட்டது. உதடு அசைய ஏதோ சொல்லிவிட்டு ஆமாம் என்பதை அமுக்கினான். மிச்சத்தை நான்காவது தடவையாக நான் பிடுங்கினேன். கைக்கு வழி தெரிந்துவிட்டதால் இருபது நிமிடத்தில் முடிந்தது. கணினியைப் போட்டபோது திரையில் வெறும் நீலம். மணி இரண்டு ஐம்பத்தாறு. அவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

நானும் சந்திரிகாவும் அடுக்களை வாசலில் நின்றோம். சரியாக மூன்று மணிக்குத் திரையில் ஒரு பெண் வந்தாள். தன் பெயர் ஹனா என்றாள், “மிஸ்டர் யுகேந்திரன்?” என்று கேட்டாள். அவன் பேசவில்லை. கேட்கிறதா மிஸ்டர் யுகேந்திரன் என்றாள். திரையைப் பார்த்தபடியே இருந்தான், கண்ணெல்லாம் தண்ணீர். பிடுங்கியதில் மைக்கையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேனோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை, மைக் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இவ்வளவும் செய்து கொண்டுவந்து நிறுத்தினால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறானே, தம்பி என்று ஒரு அதட்டல் போடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் எனக்குப் பக்கத்திலிருந்து, மிகவும் மெல்லிய குரலில், “யுகேந்திரன், அவங்க கூப்பிடறாங்க” என்றாள் சந்திரிகா.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, “யெஸ் மேடம், யுகேந்திரன்தான் பேசறேன்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டான்.