ஆற்றுக்குப் போன அழைப்பு

ஆஸ்வின் மாதத்தின் கடைசி மாலையில், சூல் கொண்ட நெல்லுக்கு விளக்கு வைத்து லட்சுமியைக் கூப்பிடுவோம். கூப்பிடுகிறவன் ஊரார் நெல்லைப் பழித்து, தன் வயலின் பேரைச் சொல்லி அழைக்க வேண்டும். என் வயலின் பேர் இலவமரத்தடி. எங்கள் ஆறு, தீஸ்தாக் கிழவி, அதை மரத்தோடு தின்றுவிட்டாள். இப்போது தனேஸ்வர் அண்ணன் வயலில் கூலிக்கு நடுகிறேன், களை எடுக்கிறேன். இந்த மாலை வந்தால் மட்டும் தொண்டை அரிக்கும்.

இந்த வருஷம் அண்ணன் காய்ச்சலில் படுத்துவிட்டார். குரல் எழும்பவில்லை. மகன்கள் கேரளத்தில் கட்டட வேலையில். என்னை வரச் சொன்னார்.

"காந்துரா, நீயே கூப்பிடு. ஊருலயே உன் தொண்டதான் பெருசு. நெல்லுதான் எப்பவும் சிறுசு."

"உங்க நெல்லவிடப் பெருசாத்தான் இருந்துச்சுண்ணே. சாட்சி சொல்ல ஆறு இருக்கு."

புலேஸ்வரி அண்ணி வாழை மட்டையில் விளக்குகளை வைத்து எடுத்து வந்தாள். "வயல் பேரு மூங்கில்காடு. மறந்துராத."

"தினமும் அதுலதான முதுகு ஒடியுது அண்ணி. மறப்பனா?"

வயல் வீட்டுக்குப் பின்னால்தான். வரப்பில் விளக்கு வைத்து, சணல் குச்சிக் கட்டைக் கொளுத்தித் தூக்கினேன். சுற்றிலும் குரல்கள். யாரோ எல்லார் நெல்லும் எலி தின்ற நெல் என்று பழித்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஊரான் நெல்லு பதரு, எங்க நெல்லு மணி. வா தாயே, இலவமரத்தடிக்கு வா."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. பக்கத்து வயல்கள் அடங்கிவிட்டன.

"அட பாவி, அவளக் கொண்டுபோய் ஆத்துல எறக்கிட்டியே," என்றாள் அண்ணி. அந்த வீட்டுக்கு வருஷச் சோறு அந்த வயல்தான்.

ஜன்னலுக்குள்ளிருந்து அண்ணனின் கரகரப்பு வந்தது. "போனா போகட்டும். நெல்லு இல்லன்னா திரும்பித்தான வருவா. எங்க வரணும்னு சொல்லுடா."

மூங்கில்காட்டின் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். எவனோ மூங்கில்காட்டு நெல் வெறும் வைக்கோல் என்று பதில் கத்தினான். அண்ணிக்கு மூச்சு வந்தது. மிச்சமிருந்த ஒரு விளக்கை என்னிடம் நீட்டினாள்.

"கரையில வச்சிட்டுப் போ. இருட்டுல அவளுக்கு வழி தெரிய வேணாமா?"

கரையில் வைத்தேன். இலவமரம் நின்ற இடத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. லட்சுமி திரும்பி வரத்தான் அந்த விளக்கு. ஆனாலும், வந்தது வந்தாள், என் வயலைச் சற்று நின்று பார்த்துவிட்டு வரட்டும் என்று இருந்தது. நானும் உட்கார்ந்துகொண்டேன்.